ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாமா? மலையக ஆசிரியர்கள் தமக்குள் நடத்தும் கற்றல் சந்திப்புகள்

வளவாளர் இல்லை. அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் இல்லை. சான்றிதழும் இல்லை. வருகிறவர்களே கற்பிப்பார்கள், வருகிறவர்களே கற்பார்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரவும். எனக்கு வட்ஸ்அப்பில் இப்படியான அழைப்புகள் அவ்வப்போது வருகின்றன. அனுப்புபவர் வேறொரு பாடசாலையின் ஆசிரியராக இருப்பார், அல்லது கலாசாலையில் ஒன்றாகப் படித்தவராக இருப்பார்.

நான் ஹட்டன் கல்வி வலயத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். இவ்வாறான சந்திப்புகள் ஐந்துக்கு இதுவரை போயிருக்கிறேன். இரண்டு சந்திப்புகள் என் வகுப்பறையில் நான் செய்வதை மாற்றின. ஒன்று பரவாயில்லை ரகம். மற்ற இரண்டிலும் பொழுது போனதுதான் மிச்சம். "சேர், போனா ஏதாவது கிடைக்குமா? இல்லாட்டி வீட்டு வேலையைப் பார்ப்பேன்" என்று புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவர் அண்மையில் கேட்டார். இது நியாயமான கேள்வி. மலையக ஆசிரியர் ஒருவருக்கு ஞாயிறு என்பது துணி துவைக்கும் நாள், பிள்ளைகளோடு இருக்கும் நாள், பலருக்கு அறநெறிப் பாடசாலை நாள், சிலருக்கு ரியூஷன் வருமானம் வரும் நாள். மஸ்கெலியாவுக்கு அப்பாலிருந்தோ அக்கரப்பத்தனையிலிருந்தோ வருபவர் விடியற்காலையில் புறப்பட்டு இருட்டும்போதுதான் வீடு திரும்புவார். ஆகவே அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

முறை புதிதல்ல

திட்டம் குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் உள்ள இந்தச் சந்திப்பு முறைக்கு உலகில் பல பெயர்கள் உண்டு. 1985இல் அமெரிக்காவின் ஹரிசன் ஓவன் 'திறந்த வெளி' என்ற முறையைத் தொடங்கினார். பெரும் உழைப்பில் தான் ஏற்பாடு செய்த மாநாடு ஒன்றில், வந்தவர்களுக்கு மிகவும் பயன்பட்டது தேநீர் இடைவேளைதான் என்று கண்டதிலிருந்து அந்த யோசனை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். வருபவர்களே தலைப்புகளை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். விரும்பிய வட்டத்தில் அமர்வார்கள். தான் கற்கவும் இல்லை, பிறருக்குக் கொடுக்கவும் இல்லை என்று உணர்ந்தால் எழுந்து வேறு வட்டத்துக்குப் போய்விடலாம். இதற்கு 'இரண்டு கால் விதி' என்று பெயர்.

2005 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ அல்டோவில் கணினித் துறையினர் சிலர், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்துக்குப் பதிலாக, யாரும் வரலாம் என்று 'பார்கேம்ப்' நடத்தினார்கள். ஒரு வாரத்துக்கும் குறைவான காலத்தில் ஏற்பாடானது அது. அடுத்த ஆண்டே டெல்லிக்கும் சென்னைக்கும் அந்த வழக்கம் வந்துவிட்டது. ஆசிரியர்களிடையே 2006இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 'டீச்மீட்' தொடங்கியது. அதில் ஒருவர் ஏழு நிமிடம் பேசலாம், அல்லது இரண்டு நிமிடம் பேசலாம். பேச்சு தன் வகுப்பறையில் தானே செய்து பார்த்ததைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2010இல் பிலடெல்பியாவில் 'எட்கேம்ப்' வந்தது. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் அவதானித்து, பின்னர் கலந்துரையாடும் 'பாட ஆய்வு' ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம்.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கதை நம்முடையது. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படையினரின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தன் விடுதியில் பரீட்சித்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் அதற்கு அப்பாலும் பரவியது. சென் அன்றூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பாடசாலை இன்றும் 'மெட்ராஸ் கொலிஜ்' என்றே அழைக்கப்படுகிறது.

அந்த முறையின் பின்கதையும் நமக்குத் தேவை. ஒரே ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்பதால்தான் பலர் அதை விரும்பினார்கள். செலவு குறைவு. காலப்போக்கில் அது வெறும் மனனமாகச் சுருங்கிற்று. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்ற நிலைக்கு இங்கிலாந்தே வந்து சேர்ந்தது. சகபாடிகள் கற்பிப்பது நல்ல வழி. ஆனால், அதையே மலிவான மாற்றாக்கினால் ஏழைப் பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இங்கே ஏன் இதன் தேவை அதிகம்?

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். நாட்டின் ஏனைய பாடசாலைகள் 1960களின் தொடக்கத்திலேயே தேசிய அமைப்புக்குள் வந்துவிட்டன. இந்த இடைவெளியின் சுமை இன்னும் தீரவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும், ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் பெரும் பங்காற்றியுள்ளன. ஆயினும் வெற்றிடங்களை நிரப்ப, பயிற்சி பெறாதவர்களை முதலில் வகுப்பறைக்கு அனுப்பிப் பின்னர் பயிற்றுவிப்பதே திரும்பத் திரும்பக் கையாளப்பட்ட வழியாக இருந்தது. 2014ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலின்படி சேர்க்கப்பட்ட பெருந்தோட்ட உதவி ஆசிரியர்கள் இதற்கு அண்மைக்கால உதாரணம். உயர்தரம் சித்தியடைந்த இளைஞர் யுவதிகள் தொடக்கத்தில் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் மாதாந்தக் கொடுப்பனவாகப் பெற்று வகுப்பெடுத்தார்கள். கலாசாலைக்குப் போகும்வரை அவர்களுக்குக் கற்பித்தலைச் சொல்லிக்கொடுத்தது யார்? பக்கத்து வகுப்பறையில் நின்ற அக்காவும் அண்ணனும்தான்.

உத்தியோகபூர்வ ஏற்பாடுகள் இல்லாமலில்லை. வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் செயலமர்வுகள் நடக்கின்றன. ஆசிரியர் மத்திய நிலையங்கள் உள்ளன. 2000களின் நடுப்பகுதியிலிருந்து 'பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி' என்ற கருத்து அரசின் கல்வித் திட்டங்களில் இடம்பெற்று வருகிறது. ஒரு பாடசாலையின் ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல கருத்துத்தான். ஆனால், அது கணிதத்துக்கு ஏழெட்டு ஆசிரியர்கள் உள்ள பெரிய பாடசாலைக்குப் பொருந்துவதுபோல, தரம் 11 வரையுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குப் பொருந்தாது. அங்கே கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், அதுவும் இருந்தால். என் பாடசாலையில் தரம் 10 அட்சரகணிதத்தை எப்படித் தொடங்குவது என்று நான் யாரிடம் கேட்பது? சமய பாட ஆசிரியர் அன்பானவர், அனுபவசாலி. ஆனால், அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. என் சகபாடி அடுத்த மலையில் இருக்கிறார். அவரும் அங்கே தனியாள். எங்கள் இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர யாராவது ஒரு நாளைக் குறிக்க வேண்டியிருக்கிறது.

கொழும்பில் இவ்வாறான சந்திப்பு ஒரு மேலதிக வசதி. மலையகத்தில் பாட ஆசிரியர் ஒருவருக்கு அதே பாடத்தின் இன்னோர் ஆசிரியரைச் சந்திப்பதற்கான சில வழிகளில் அதுவும் ஒன்று. ஆகவே இந்தச் சந்திப்புகளை இந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே என் கருத்து: அன்று எத்தனை விடயம் கேட்டோம் என்பதல்ல, திங்கட்கிழமைக்குப் பிறகும் பேசக்கூடிய ஒருவரைக் கண்டோமா என்பதே கேள்வி.

கிடைப்பவை

முதலாவது, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் உதாரணங்கள். சதவீதம் கற்பிக்க ஆசிரியை ஒருவர் காட்டிய வழி இது. பாடப்புத்தகத்தின் கடைக்கழிவுக் கணக்கை விட்டுவிட்டு, "அம்மா பறித்த கொழுந்து 24 கிலோ. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று 3 கிலோ கழித்தார்கள். கழித்தது எத்தனை சதவீதம்?" என்று கேட்டாராம். பன்னிரண்டரை. சதவீதம் என்றால் தலையைக் குனியும் பிள்ளைகள் அன்று கையை உயர்த்தினார்களாம். அந்தக் கழிவைப் பற்றி லயத்தில் பேசப்படாத வாரம் ஏது? அந்தக் கணக்கை நான் இப்போது ஆண்டுதோறும் பயன்படுத்துகிறேன். வேறு மாவட்டத்திலிருந்து வரும் வளவாளருக்கு இந்த உதாரணம் தோன்றியிருக்காது.

இரண்டாவது, வசதியில்லாத இடத்தில் செய்யக்கூடிய வழிகள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் அமிலம், காரம் கற்பிக்கச் செவ்வரத்தம் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும். தேசிக்காய்ப்புளி விட்டால் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சை கலந்த நிறமாகும். இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால், நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை பூ வேண்டும், சாறு எவ்வளவு நேரம் நிறம் மாறாமல் இருக்கும், எந்தச் சவர்க்காரம் சரிவரும் என்பதையெல்லாம் செய்தவர்தான் சொல்வார்.

மூன்றாவது, பல்தர வகுப்பு. தரம் 1, 2, 3 பிள்ளைகள் ஒரே மண்டபத்தில், ஒரே ஆசிரியர். ஒரு தரத்துக்குக் கற்பிக்கும்போது மற்ற இரண்டு தரங்களும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பத்து வருடம் செய்தவரிடம் ஒரு மணி நேரம் கேட்பது பெரிய விடயம்.

நான்காவது, பேசத் துணிவது. வலயத்தின் செயலமர்வில் "எனக்கு இந்த அலகு விளங்கவில்லை" என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. மேலதிகாரி முன்னால் இருக்கிறார். சமமானவர்கள் மட்டும் இருக்கும் வட்டத்தில் அந்த வாக்கியம் இயல்பாக வரும். அது வந்தால்தான் கற்றல் தொடங்கும்.

வீணாகும் இடங்கள்

தவறான குறுக்குவழிகளும் இதே வழியில்தான் பரவுகின்றன. திசைகொண்ட எண்களுக்கு "இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல்" என்ற சூத்திரத்தை ஒரு சந்திப்பில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். பலர் எழுதிக்கொண்டார்கள். அந்த வாசகத்தை நம்பும் மாணவர் −3 − 5 என்பதற்கு +8 என்று எழுதுவார். சரியான விடை −8. பெருக்கலுக்கும், கழித்தல் அடையாளமுள்ள எண்ணொன்றைக் கழிப்பதற்கும் உரிய விதியை எல்லா இடத்துக்கும் நீட்டியதால் வரும் பிழை இது. அன்று அறையில் இருந்த இன்னோர் ஆசிரியர் எழுந்து மறுத்தார். அவர் வராமல் இருந்திருந்தால் அந்தச் சூத்திரம் இருபது பாடசாலைகளுக்குப் போயிருக்கும். திட்டமிட்ட பயிற்சியில் பாட நிபுணர் ஒருவர் இருப்பதன் பெறுமதி இதுதான்.

அடுத்தது, ஒருவரே பேசுவது. நிகழ்ச்சி நிரல் இல்லாத இடத்தில் குரல் உயர்ந்தவரே நிகழ்ச்சி நிரலாகிவிடுவார். பெரும்பாலும் அவர் ஆணாக இருப்பார், மூத்தவராக இருப்பார். சபையில் பெரும்பான்மையினரான ஆசிரியைகள் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, கூட்டம் முறைப்பாட்டு மன்றமாக மாறுவது. சம்பளம், இடமாற்றம், அதிபர், வலயம். இவை பேசப்பட வேண்டியவை, அதற்குத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. கற்பித்தலுக்கென்று ஒதுக்கிய நாளை அது விழுங்கினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். நான் போன சந்திப்பொன்றில் பிற்பகலில் அரசியல் பிரமுகர் ஒருவர் மாலையோடு வரவேற்கப்பட்டார். அதன் பிறகு கணிதம் பேசப்படவில்லை.

ஆய்வுகள் சொல்வது

சகபாடிகளிடம் ஆசிரியர்கள் உண்மையில் கற்கிறார்களா என்பதை ஆராய்ச்சியாளர்கள் மாணவர் பெறுபேறுகளைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பாடசாலைகளைப் பற்றி கிராபோ ஜக்சனும் இலையஸ் புரூக்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், திறமையான சகஆசிரியர்கள் கிடைத்தபோது ஓர் ஆசிரியரின் மாணவர்களுடைய பெறுபேறும் உயர்ந்தது. அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் இந்தப் பயன் அதிகமாக இருந்தது. டெனசி மாநிலத்தில் ஜோன் பப்பேயும் உடனாய்வாளர்களும் செய்த பரீட்சார்த்தம் இன்னும் குறிப்பானது. ஒரு குறிப்பிட்ட திறனில் பின்தங்கிய ஆசிரியரை, அதே பாடசாலையில் அதே திறனில் சிறந்தவரோடு இணைத்து ஓராண்டு சேர்ந்து வேலை செய்ய விட்டார்கள். உதவி பெற்ற ஆசிரியரின் மாணவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள்.

பயிற்சியில் கேட்டது வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதற்கு, செய்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்பதை புரூஸ் ஜோய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலிருந்தே எழுதி வந்தார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பயன் தந்தது ஒரு நாள் கூட்டமல்ல. தேவையும் திறனும் பொருந்திய இருவர் நீண்ட நாள் தொடர்ந்ததுதான் பயன் தந்தது. கட்டமைப்பில்லாத சந்திப்பில் அந்தப் பொருத்தம் தற்செயலாகத்தான் நடக்கும். தற்செயலை விட்டுவைக்காமல் அதற்கு வழிசெய்யும் சந்திப்பே போகத் தகுந்தது. சந்தித்த இருவரின் தொடர்பு அத்தோடு முடிந்தால், அன்றைய பஸ் காசு வீண்தான்.

போகுமுன் கேட்க வேண்டியவை

அழைப்பு வந்தால் நான் இப்போது பார்ப்பவை இவைதான்.

ஒன்று, பாடமோ பிரச்சினையோ குறிப்பாக இருக்கிறதா? 'கல்வி மேம்பாடு' என்றால் போகமாட்டேன். 'தரம் 8, 9இல் பின்னங்கள்' என்றால் போவேன். நடத்துபவர் முழு நிகழ்ச்சி நிரல் போடத் தேவையில்லை. எதைப் பற்றிக் கூடுகிறோம் என்று சொன்னால் போதும்.

இரண்டு, என் பாடம் கற்பிப்பவர்கள் குறைந்தது மூன்று நான்கு பேராவது வருகிறார்களா? வட்ஸ்அப் குழுவிலேயே கேட்டுவிடலாம்.

மூன்று, அந்தப் பாடத்தில் ஆழமான அறிவுள்ள ஒருவர் இருக்கிறாரா? ஆசிரிய ஆலோசகரோ கலாசாலை விரிவுரையாளரோ வந்தால் நல்லது. ஆனால், அவர் மேடையில் அல்ல, வட்டத்தில் இருக்க வேண்டும். பிழையைத் திருத்துவது அவர் வேலை. உரை நிகழ்த்துவது அல்ல.

நான்கு, முடியும் நேரம் கடைசி பஸ்ஸுக்கு ஏற்றபடி இருக்கிறதா? தென்மேல் பருவமழைக் காலத்தில் தோட்டப் பாதைகளில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு நிச்சயமில்லை. கைக்குழந்தையோடு வரும் ஆசிரியைக்கு இடம் இருக்கிறதா? இவை கேட்கப்படாத சந்திப்பில் ஹட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப இருப்பார்கள். தேவை அதிகமானவர் எட்டவே மாட்டார்.

ஐந்து, அடுத்தது எப்போது? ஒரு தவணைக்கு ஒரு முறையாவது அதே ஆட்கள் கூடுவார்களா?

போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. என் வகுப்பின் ஒரு பிள்ளை பிழையாகச் செய்த ஒரு கணக்கை, பெயரை மறைத்து, கொப்பிப் பக்கமாகவே கொண்டு போவேன். "இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியது?" என்ற ஒரு கேள்வி, எந்த உரையையும் விட அதிக நேரம் பத்து ஆசிரியர்களைச் சிந்திக்க வைக்கும். திரும்பும்போது இரண்டு விடயங்கள் கையில் இருக்க வேண்டும்: இந்த வாரமே செய்து பார்க்கப் போகும் ஒன்று, அதன் விளைவைச் சொல்ல ஓர் ஆளின் தொலைபேசி இலக்கம்.

நடத்துபவர்களுக்கும் சில வார்த்தைகள். கதவருகே ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் 'எனக்குத் தேவை', மறுபக்கம் 'என்னால் முடியும்' என்று எழுத வையுங்கள். பொருந்தும் இருவரை மதியத்துக்கு முன்னரே ஒன்றாக உட்கார வையுங்கள். பேச்சுக்கு ஏழு நிமிடம், அதற்கு ஒரு மணிக்கூடு. முதல் இரண்டு பேச்சுகளையும் இளைய ஆசிரியைகளிடம் கொடுங்கள். பிரமுகர்களை அழைக்காதீர்கள்.

யாருடைய பொறுப்பு?

ஆக, அந்த ஆசிரியைக்கு நான் சொன்ன பதில்: போங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் போகாதீர்கள். வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று, உங்கள் பாடத்துக்கானவை மட்டும். இரண்டு முறை போயும் தொடர்ந்து பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குழுவை விட்டுவிடுங்கள். இரண்டு கால் விதி அங்கேயும் செல்லும்.

இந்தப் பதிலோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர்கள் தங்கள் காசில், தங்கள் விடுமுறையில் கூடிக் கற்கிறார்கள் என்பது பெருமைக்குரியது. அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது அதிகாரிகளுக்கு மிகவும் வசதியானது. மெட்ராஸ் முறைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். தமிழ்மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களை எந்த ஞாயிற்றுச் சந்திப்பும் நிரப்பாது. பயிற்சி பெறாதவரை வகுப்பறைக்கு அனுப்பும் வழக்கத்துக்கு அது பரிகாரமும் அல்ல.

வலயங்கள் செய்யக்கூடியது பெரிய செலவுள்ளதல்ல. தவணைக்கு ஒரு வேலை நாளை, அயல் பாடசாலைகளின் ஒரே பாட ஆசிரியர்கள் கூடுவதற்கு விடுவிக்கலாம். போக்குவரத்துச் செலவைக் கொடுக்கலாம். அந்த நேரத்தை வாண்மை விருத்தியாகப் பதிந்து கணக்கில் எடுக்கலாம். அன்றைக்கு என்ன பேசுவது என்பதை மட்டும் ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம். சிறிய பாடசாலைகளை மனதில் கொண்டு, 'பாடசாலை மட்டம்' என்பதைப் 'பாடசாலைக் கூட்ட மட்டம்' என்று விரித்தாலே போதும்.

அதுவரை ஞாயிறுகள்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் செலவிடுவோம்.